'அக்செப்ட் ஆல்' அமுக்கினால் பெட்டி போய்விடும்... குக்கீ போகுமா?

வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று பார்க்க ஒரு சமையல் தளத்தைத் திறந்தால், குழம்புக்கு முன்னால் வந்து நிற்கிறது ஒரு பெட்டி. 'வீ யூஸ் குக்கீஸ்' என்று தொடங்கும் நாலு வரி ஆங்கிலம். அதற்குக் கீழே பளிச்சென்று ஒரு பட்டன், 'அக்செப்ட் ஆல்'. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது யாருக்குப் படிக்கப் பொறுமை இருக்கும்? "என்னடா இது, பாதி ஸ்கிரீனை மறைக்குது?" என்று அம்மா கேட்டால், "பச்சையா ஒண்ணு இருக்குல்ல, அதை அமுக்கும்மா, போயிடும்" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் சொல்லும் பதில்.

பெட்டி போய்விடும்தான். ஆனால், சம்மதம் சொன்னது அந்தச் சமையல் தளத்துக்கு மட்டுமா, அதில் விளம்பரம் போடும் நிறுவனங்களுக்கும் சேர்த்தா என்பது அந்த நாலு வரிக்குள் இருக்கிறது. சில தளங்களில் 'பார்ட்னர்ஸ்' என்ற வார்த்தையைத் தட்டிப் பார்த்தால், நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் பெயர்கள் வரிசையாக இறங்கும். இத்தனைக்கும் பல பெட்டிகளில் 'ரிஜெக்ட்' என்று இன்னொரு வழியும் இருக்கிறது. அதைத் தட்டினாலும் பெரும்பாலும் வத்தக்குழம்பு கிடைத்துவிடும்.

செருப்பு டோக்கன் போலத்தான்

குக்கீ என்பது வைரஸ் இல்லை. ஆப் இல்லை. பிஸ்கட்டும் இல்லை. ஒரு இணையதளம், போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும் குட்டித் துண்டுச்சீட்டு. ஒரு குக்கீயின் அளவு அதிகபட்சம் சுமார் 4,096 பைட்தான். ஒரு போட்டோவுக்கு ஆகும் இடத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கோயில் வாசலில் செருப்பு விட்டால் டோக்கன் கொடுப்பார்கள். டோக்கனில் ஒரு எண் மட்டும்தான் இருக்கும். செருப்பு இருப்பது ஸ்டாண்டில். சாமி கும்பிட்டு வந்து டோக்கனை நீட்டினால், ஆள் யாரென்று கேட்காமலே சரியான ஜோடியை எடுத்துக் கொடுப்பார்கள். குக்கீயும் அப்படித்தான். பெரும்பாலான குக்கீகளில் இருப்பது பெயரோ போன் நம்பரோ இல்லை, நீளமான ஒரு எண். அந்த எண்ணுக்குரியவர் கூடையில் எதைப் போட்டார், எந்த மொழியைத் தேர்ந்தெடுத்தார், லாகின் செய்திருக்கிறாரா என்ற விவரமெல்லாம் தளத்தின் கம்ப்யூட்டரில் இருக்கும்.

இந்த டோக்கன் எதற்கு? இணையத்துக்கு இயல்பிலேயே ஞாபகமறதி. ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், வந்திருப்பது அதே ஆள்தான் என்று தளத்துக்குத் தெரியாது. குக்கீ இல்லாவிட்டால் ரயில் டிக்கெட் எடுக்கும்போது ரயிலைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை, பயணி பெயர் போட ஒரு முறை, பணம் கட்ட ஒரு முறை என்று ஒவ்வொரு பக்கத்திலும் பாஸ்வேர்டு போட வேண்டியிருக்கும். தட்கல் நேரத்தில் இதைக் கற்பனை செய்துபார்த்தால் குக்கீயின் அருமை புரியும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் லூ மொன்டுல்லி. 1994-ல், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது அவருக்கு இருபதுகளின் தொடக்க வயது. எம்சிஐ என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்துக்காக இணையக் கடை ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. வாங்க வந்தவர் பாதியில் விட்டுப்போன கணக்கையெல்லாம் தங்கள் கம்ப்யூட்டரில் சுமக்க அந்த நிறுவனம் விரும்பவில்லை. அதை வாங்க வந்தவரின் கம்ப்யூட்டரிலேயே வைக்க மொன்டுல்லி கண்ட வழிதான் குக்கீ. புரோகிராமர்கள் மத்தியில் ஏற்கெனவே புழங்கிய 'மேஜிக் குக்கீ' என்ற சொல்லிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். ஒரு தளம் கொடுத்த குக்கீயை அந்தத் தளம் மட்டுமே திரும்ப வாங்கிப் பார்க்க முடியும் என்பது அதன் அடிப்படை விதி. நல்ல விதி.

ஆனால், இப்படி ஒன்று தங்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறது என்பதே மக்களுக்குத் தெரியாது. 1996 பிப்ரவரியில் 'பைனான்ஷியல் டைம்ஸ்' நாளிதழ் எழுதிய பிறகுதான் அது பொதுப்பேச்சானது.

சேலை எப்படிப் பின்னாலேயே வருகிறது?

விதிப்படி, ஜவுளிக்கடைத் தளம் கொடுத்த குக்கீயை செய்தித் தளம் பார்க்க முடியாது. பிறகு எப்படி, மதியம் பார்த்துவிட்டு 'விலை ஜாஸ்தி' என்று விட்டுவிட்ட அதே மாம்பழ மஞ்சள் சேலை, சாயங்காலம் செய்தி படிக்கும்போது பக்கத்தின் ஓரத்தில் வந்து நிற்கிறது?

ஒரு கடைத்தெருவை நினைத்துக்கொள்ளலாம். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை, பேப்பர் கடை. ஒவ்வொன்றும் தன் வாசலில் ஒரு மூலையை விளம்பர நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறது. எல்லா வாசலிலும் உட்கார்ந்திருப்பது ஒரே நிறுவனத்தின் ஆட்கள். முதல் கடைக்குள் நுழையும்போது அந்த ஆள் ஒரு டோக்கன் கொடுத்துவிடுகிறார். அடுத்த கடை வாசலில் அதே நிறுவனத்தின் இன்னொரு ஆள் டோக்கனை வாங்கிப் பார்த்து, 'இந்த நம்பர் இங்கேயும் வந்தது' என்று குறித்துக்கொள்கிறார். கடைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை. ஆனாலும் யார் எங்கெல்லாம் போனார் என்ற முழுக் கணக்கு ஓரிடத்தில் சேர்ந்துவிடுகிறது.

இணையத்தில் நடப்பதும் இதுதான். செய்தித் தளத்தைத் திறக்கும்போது, செய்தி வருவது அந்தத் தளத்தின் கம்ப்யூட்டரிலிருந்து. ஓரத்தில் உள்ள விளம்பரப் படம் வருவது விளம்பர நிறுவனத்தின் கம்ப்யூட்டரிலிருந்து. படத்தைக் கேட்டு பிரவுசர் அங்கே போகும்போது, அந்த நிறுவனம் முன்பு கொடுத்த குக்கீயையும் கையோடு எடுத்துப்போகிறது. விதி மீறப்படவில்லை, கொடுத்தவர்தான் திரும்ப வாங்குகிறார். இதற்குப் பெயர்தான் 'தேர்ட் பார்ட்டி' குக்கீ, மூன்றாம் தரப்பு குக்கீ. விளம்பரத்தைத் தட்ட வேண்டியதுகூட இல்லை. பக்கம் திறந்தாலே போதும்.

இது வம்பில் முடியும் என்று அப்போதே தெரிந்திருந்தது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 1997-ல் வெளியிட்ட ஆவணத்திலேயே, மூன்றாம் தரப்பு குக்கீயை அனுமதிக்கக் கூடாது, அல்லது குறைந்தபட்சம் முதலில் 'ஆஃப்' நிலையில்தான் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அன்றைய இரண்டு பெரிய பிரவுசர்களான நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் இந்த வித்தையை நம்பி ஒரு தொழிலே வளர்ந்துவிட்டது. அந்தத் தொழிலின் பெரிய பெயரான டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக 2007-ல் கூகுள் அறிவித்தது.

ஒரே போன், நாலு பேர்

சேலை விளம்பரம் வந்தால் வந்துவிட்டுப் போகிறது, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு போனை ஒருவர் மட்டும் பயன்படுத்தும் வீட்டில் அது சரி. அப்பாவின் போனில் பிள்ளை ஹோம்வொர்க் பார்க்கிறான், பாட்டி பக்திப் பாட்டு கேட்கிறார், அக்கா வேலைக்கு அப்ளை செய்கிறார் என்கிற வீடுகளில்தான் சிக்கல். குக்கீக்கு ஆள் தெரியாது. பிரவுசர் மட்டும்தான் தெரியும்.

வெளியூரில் வேலை தேடும் ஒரு பெண், வீட்டில் இன்னும் பேச்சை எடுக்காமல், பெங்களூரில் லேடீஸ் ஹாஸ்டல் வாடகை என்ன என்று அப்பாவின் போனில் நாலு தளங்களைப் பார்க்கிறாள். ஹிஸ்டரியை மட்டும் அழித்துவிட்டு போனை வைத்துவிடுகிறாள். மறுநாள் காலை அப்பா செய்தி படிக்கும்போது, பக்கத்துக்குப் பக்கம் பெங்களூர் ஹாஸ்டல் விளம்பரம் வரலாம். அவள் சொல்ல நினைத்த நேரத்தில், சொல்ல நினைத்த விதத்தில் அந்தச் செய்தி வீட்டுக்குப் போகாது. கடனுக்கு வழி தேடும் கணவர், வக்கீலைத் தேடும் மனைவி, தலைமுடி கொட்டுவதை நண்பர்களிடமிருந்து மறைக்கும் கல்லூரி மாணவர் என எல்லோருக்கும் இதே நிலைதான்.

இந்த ஓர் இடத்தில் இன்காக்னிட்டோ உண்மையிலேயே உதவும். அந்த விண்டோவில் சேர்ந்த குக்கீயும் ஹிஸ்டரியும் அதை மூடியதும் அழிந்துவிடும். அதே போனை அடுத்து எடுப்பவரிடமிருந்து மறைக்க அது போதும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. போகும் தளத்துக்கும், இன்டர்நெட் கொடுக்கும் நிறுவனத்துக்கும், ஆபீஸ் வைஃபை என்றால் ஆபீஸுக்கும் போக்குவரத்து தெரியத்தான் செய்யும். இன்காக்னிட்டோவிலும் தகவல் திரட்டப்படுகிறது என்று அமெரிக்காவில் 2020-ல் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024-ல் சமரசமானபோது, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

(குக்கீயை அழித்துவிட்டுத் தேடினால் விமான டிக்கெட் விலை குறையும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் யோசனையை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். மீதமுள்ள சீட், பயண நாள், கூட்டம் ஆகியவற்றைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் அந்த விலை ஏறி இறங்குகிறது.)

'வேண்டாம்' என்பதை ஏன் ஒளித்து வைக்கிறார்கள்?

சம்மதம் கேட்கும் பெட்டி வந்ததே ஐரோப்பாவின் சட்டங்களால்தான். 2009-ல் திருத்தப்பட்ட விதி, அவசியமில்லாத குக்கீகளுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கச் சொன்னது. 2018 மே மாதம் அமலுக்கு வந்த ஜிடிபிஆர் சட்டம், அனுமதி என்றால் என்ன என்பதை இறுக்கியது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதமாகாது என்று 2019 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நிறுவனங்கள் கேட்டன. ஆனால், கேட்ட விதம் இருக்கிறதே! 'சரி' என்பது பெரிய கலர் பட்டன். 'வேண்டாம்' என்பதற்கு 'மேனேஜ் ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், ஒவ்வொன்றாக அணைத்து, கடைசியில் 'சேவ்' தேட வேண்டும். பிரான்ஸின் தனியுரிமை ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது இதற்காகத்தான். ஏற்க ஒரு தட்டு, மறுக்கப் பல தட்டு என்று வைத்திருந்தது குற்றம்.

இந்தியாவில் பல தளங்களின் பெட்டியில் 'வேண்டாம்' என்ற பட்டனே இருக்காது. 'தொடர்ந்து படித்தால் சம்மதித்ததாக அர்த்தம்' என்று ஒரு வரி, 'ஓகே' என்று ஒரு பட்டன், அவ்வளவுதான். இது மாறியாக வேண்டும். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குக்கீ என்ற சொல் இல்லைதான். ஆனால், தனிநபர் தரவுக்கு வாங்கும் சம்மதம் சுதந்திரமாக, தெளிவாக, எதற்கென்று தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை இருக்கிறது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் இன்னொன்றும் முக்கியம். சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழிசெய்ய வேண்டும். தமிழ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. படிக்கத் தெரியாத மொழியில் வரும் கேள்விக்கு 'சரி' என்று அமுக்குவதை எப்படிச் சம்மதம் என்று சொல்வது? சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, சம்மதம் தொடர்பான பகுதிகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதாவது 2027 மே மாதம் வரை பழைய பெட்டிதான்.

போனில் எங்கே மாற்றுவது?

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்பு குக்கீகளைத் தானாகவே மொத்தமாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-லிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுகிறது. ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானோர் திறக்கும் குரோம்தான் பாக்கி. 2020-ல், இரண்டு வருடத்தில் இந்தக் குக்கீக்கு முடிவு கட்டுவதாக கூகுள் சொன்னது. பிறகு 2023 என்றது, 2024 என்றது, 2025 என்றது. 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில்தான் பெரும்பகுதி வருமானம் என்கிற நிறுவனம் இந்த விஷயத்தில் இழுத்தடித்ததில் ஆச்சர்யப்பட ஏதுமில்லை.

எனவே, குரோமில் இதைக் கையால்தான் மாற்ற வேண்டும். வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி 'செட்டிங்ஸ்', அதில் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்று போனால், 'பிளாக்' செய்யும் வழி இருக்கும். சில போன்களில் இது 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' என்ற தலைப்பின் கீழேயே கிடைக்கும். ஒரு முறை மாற்றினால் போதும். லாகின் எதுவும் போகாது, கூடையும் காலியாகாது. எப்போதாவது ஒரு தளம் மக்கர் செய்தால், மேலே முகவரிக்குப் பக்கத்தில் உள்ள ஐகானைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். சாம்சங் இன்டர்நெட் பயன்படுத்துபவர்கள் 'ஸ்மார்ட் ஆன்டி டிராக்கிங்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

தடுப்பதும் அழிப்பதும் வேறு வேறு. 'டெலிட் பிரவுசிங் டேட்டா' போய் குக்கீகளை மொத்தமாக அழித்தால், தளங்கள் எல்லாவற்றிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும். பாஸ்வேர்டு ஞாபகம் இல்லாத பெரியவர்களின் போனில் இதைச் செய்துவிட்டு வந்தால் ராத்திரி முழுக்க போன் வரும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'வேண்டாம்' என்று சொன்ன பதிலைத் தளம் சேமித்து வைப்பதும் பெரும்பாலும் ஒரு குக்கீயில்தான். எல்லாவற்றையும் அழித்தால் அதுவும் போய், பெட்டி மறுபடி வந்து நிற்கும்.

இரண்டு ஓட்டைகளும் தெரிந்திருக்க வேண்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வரும் லிங்க்கைத் தட்டினால், அது பெரும்பாலும் அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி பிரவுசரில் திறக்கும். குரோமில் செய்த மாற்றம் அங்கே செல்லாது. அடுத்து, ஆப்கள் பின்தொடர்வது குக்கீயால் அல்ல, போனுக்கே உள்ள விளம்பர ஐடியால். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் கூகுள், அதில் 'ஆட்ஸ்' என்று போனால் அந்த ஐடியை டெலிட் செய்யலாம். ஐபோனில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதில் 'டிராக்கிங்' போய், ஆப்கள் அனுமதி கேட்பதையே நிறுத்தலாம்.

பிரவுசிங் சென்டரில் விட்டுவந்த டோக்கன்

விளம்பரத்தை விடப் பெரிய ஆபத்து, லாகின் குக்கீ அடுத்தவர் கைக்குப் போவது. செருப்பு டோக்கனைத் தொலைத்தால் எடுத்தவர் செருப்பைக் கொண்டுபோய்விடுவது போல, இந்தக் குக்கீ யாரிடம் இருக்கிறதோ அவரைத்தான் உரியவர் என்று தளம் நம்பும். பாஸ்வேர்டு கேட்காது, ஓடிபி கேட்காது. யூடியூபர்களுக்கு 'உங்களோடு சேர்ந்து விளம்பரம் செய்கிறோம்' என்று மெயில் அனுப்பி, கூடவே குக்கீ திருடும் சாஃப்ட்வேரைக் கோத்துவிட்டு, சேனல்களைப் பறித்த கும்பல்களைப் பற்றி 2021-ல் கூகுளே விளக்கமாக எழுதியது. 2023 மார்ச்சில் 'லைனஸ் டெக் டிப்ஸ்' என்ற உலகப் புகழ்பெற்ற தொழில்நுட்ப சேனலே இப்படித்தான் பறிபோய்த் திரும்பியது. காசில்லாமல் கிடைக்கும் 'கிராக்' சாஃப்ட்வேரை வீட்டு கம்ப்யூட்டரில் ஏற்றுவதில் உள்ள ஆபத்தும் இதே வகைதான்.

ஊர்களில் இது இன்னும் எளிமையாக நடக்கிறது. டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன் போட, ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்க பிரவுசிங் சென்டருக்குப் போய், "அண்ணா, மெயில்ல இருக்கு, ஒரு நிமிஷம்" என்று ஜிமெயில் திறந்து, பிரின்ட் வந்ததும் வலது மூலை 'எக்ஸ்' குறியை அமுக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். விண்டோதான் மூடியது. குக்கீ அந்த கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அடுத்து உட்காருபவர் ஜிமெயில் என்று டைப் செய்தால் நேராக இன்பாக்ஸ் திறக்கும். சான்றிதழ், ஆதார் காப்பி, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அதில்தான் இருக்கும்.

அங்கே உட்கார்ந்ததும் முதலில் இன்காக்னிட்டோ விண்டோ திறப்பது, 'பாஸ்வேர்டை சேவ் செய்யட்டுமா' என்று கேட்டால் மறுப்பது, எழுந்திருக்கும் முன் 'சைன் அவுட்' கொடுப்பது. இந்த வரிசையில் செய்தால் போதும். சைன் அவுட் கொடுத்தால் டோக்கன் தளத்தின் பக்கமே செல்லாததாகிவிடும். குக்கீயை மட்டும் அழிப்பதைவிட அது உறுதியானது.

மறந்து வந்துவிட்டாலும் கடைக்குத் திரும்ப ஓட வேண்டாம். போனில் கூகுள் அக்கவுன்ட்டைத் திறந்து 'செக்யூரிட்டி' பகுதியில் 'யுவர் டிவைசஸ்' பார்த்தால், எந்தெந்தக் கருவியில் லாகின் திறந்திருக்கிறது என்ற பட்டியல் வரும். அந்த கம்ப்யூட்டரைத் தட்டி 'சைன் அவுட்' கொடுக்கலாம். சென்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்து ஃபைல் எடுத்தவர்கள், வாட்ஸ்அப்பின் மூன்று புள்ளியில் 'லிங்க்டு டிவைசஸ்' போய்ப் பார்க்க வேண்டும். போன வருடம் ரேஷன் கார்டு பிரின்ட் எடுத்த கடையின் கம்ப்யூட்டர் அதில் இன்னும் இருந்தால், அதைத் தட்டி 'லாக் அவுட்'.